பார்வையில்லாத குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகள்: குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்குப் பார்வை இல்லையோ என்ற சந்தேகம் வந்த வீட்டில் முதலில் தொடங்குவது அலைச்சல். ஒரு மருத்துவமனையில் சொன்னதை இன்னொன்றில் உறுதிசெய்யப் போவார்கள். அங்கே ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். இடையில் நாட்டு வைத்தியர், ஜோசியர், குலதெய்வம். அலைவதில் தவறில்லை, பெற்ற மனம் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அந்த ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் குழந்தை மடியிலும் தூளியிலுமே கிடந்துவிடுகிறது. கண்ணுக்கு என்ன செய்யலாம் என்று தெரியட்டும், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று வீடே காத்திருக்கிறது. பார்வைக்குறையால் வரும் பின்னடைவைவிட இந்தக் காத்திருப்பால் வரும் பின்னடைவே பல குழந்தைகளிடம் பெரிதாகத் தெரிகிறது.

கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதும் குழந்தையை வளர்ப்பதும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க முடியும். தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து, என்ன வரிசையில் எதைச் செய்வது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதல் படி: கண் பரிசோதனையில் எது அவசரம்

பொதுவாக ஒரு குழந்தை ஆறு முதல் எட்டு வாரங்களில் தாயின் முகத்தில் கண்ணை நிறுத்தும். மூன்று மாதத்தில் நகரும் பொருளைக் கண்ணால் தொடரும். இது நடக்கவில்லை என்றாலோ, கண்மணிகள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ, நான்கு மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தொடர்ந்தாலோ கண் மருத்துவரிடம் போக வேண்டும். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

மூன்று நிலைகளில் நாள் கடத்தவே கூடாது.

கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிவது முதலாவது. பல நேரம் செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில்தான் இது முதலில் கண்ணில் படும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். கண்புரை என்றாலும் அவசரம்தான். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தால் ஆறு வார வயதுக்குள்ளும், இரு கண்ணிலும் இருந்தால் எட்டுப் பத்து வாரங்களுக்குள்ளும் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. அது கற்கும் காலம் கடந்த பிறகு புரையை எடுத்தால் பலன் குறைந்துவிடும்.

இரண்டாவது, குறைமாதத்தில் பிறந்த குழந்தை. 34 வாரத்துக்கு முன் பிறந்ததோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையோ இருந்தால், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் அதற்கும் முன்பே, இரண்டு மூன்று வாரத்திலேயே. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் ஆர்.ஓ.பி. என்ற நோய்க்கான பரிசோதனை இது. நோய் இருந்தால் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ போட்டு நிறுத்தலாம். ஆனால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்கள்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தை நன்றாகத் தேறி எடை ஏறிவிட்டது என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

மூன்றாவது, கண் வழக்கத்தைவிடப் பெரிதாக, நீர் வழிந்துகொண்டு, வெளிச்சத்தைக் கண்டால் கூசி மூடிக்கொள்வது. ‘என்ன அழகான பெரிய கண்’ என்று ஊரார் கொஞ்சும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். பிறவியில் வரும் கண் அழுத்த நோயின் (கிளாக்கோமா) அடையாளம் அது.

எங்கே போவது? ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை, பிறவிக் கண்புரையும் ஆர்.ஓ.பி.யும் உட்பட 30 வகைக் குறைபாடுகளுக்கு இதில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அதன் மாவட்ட அளவிலான இடம்தான் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையம். அரசு மருத்துவமனைகளில் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976இல் தொடங்கிய அரவிந்த், 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா என்று குழந்தைக் கண் மருத்துவத்துக்கு இந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சைக்குச் செல்லுபடியாகும் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மருத்துவர் அறையில் கிடைக்கும் நேரம் குறைவு. அழுகையோடு உள்ளே போய், பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வெளியே வருவதுதான் வழக்கம். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் நிதானமான ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.

- நோயின் பெயர் என்ன? ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்.
- சிகிச்சை பார்வையைக் கூட்டுமா, இருப்பதைக் காப்பாற்றுமா, அல்லது இரண்டும் இல்லையா?
- வெளிச்சம் தெரிகிறதா? உருவம் தெரிகிறதா? எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில்?
- கண்ணாடி உதவுமா?
- இது மரபு வழி வருவதா? அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு உண்டா?
- காது, இதயம், மூளை என்று வேறு எதையும் பரிசோதிக்க வேண்டுமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதுதான் மிக முக்கியம். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்திருந்தால் குழந்தைக்குக் கண்புரையோடு காது கேளாமையும் இதயக் கோளாறும் சேர்ந்து வரலாம். பார்வை குறைந்த குழந்தைக்குக் காதுதான் முக்கால்வாசி உலகம். ஆகவே எந்தக் கண் நோயாக இருந்தாலும் காதுக்கான பெரா பரிசோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

பேசத் தெரியாத குழந்தையின் பார்வையை எப்படி அளப்பார்கள் என்று சந்தேகம் வரலாம். கோடுகள் போட்ட அட்டையையும் வெற்று அட்டையையும் காட்டினால் குழந்தை இயல்பாகக் கோட்டையே பார்க்கும். கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போய், எதுவரை பார்க்கிறது என்று கணிப்பார்கள். விழித்திரை, பார்வை நரம்பு ஆகியவற்றின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனைகளும் உண்டு.

சில பெற்றோருக்கு வேறு வகைக் குழப்பம். ‘கண்ணில் ஒரு கோளாறும் இல்லை’ என்று மருத்துவர் சொல்வார், குழந்தையோ பார்ப்பதில்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறல், வலிப்பு, மூளைக் காய்ச்சல் போன்றவை இருந்திருந்தால் பார்வையைப் புரிந்துகொள்ளும் மூளைப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். இதைச் சி.வி.ஐ. என்கிறார்கள். இந்தக் குழந்தைகள் காலையில் பார்ப்பார்கள், மாலையில் பார்க்க மாட்டார்கள். அசையும் பொருளைப் பார்ப்பார்கள், நிற்பதைப் பார்க்க மாட்டார்கள். சிவப்பும் மஞ்சளும் எளிதில் ஈர்க்கும். குழந்தை நடிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தமில்லாத இடத்தில், வெற்றுத் துணி விரித்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைக் காட்டிப் பழக்குங்கள். இந்த வகைப் பார்வை முதல் சில ஆண்டுகளில் கணிசமாக முன்னேற வாய்ப்புண்டு.

செய்யக் கூடாதவை சில. கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள். தொற்று ஏற்பட்டு இருக்கிற பார்வையும் போகும். அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகச் சாத்துங்கள், ஆனால் அறுவை சிகிச்சைத் தேதியைத் தாண்டி அல்ல. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வரும் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். விழித்திரை நோய்க்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சை உண்மைதான். ஆனால் அது ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு மட்டும். எல்லா விழித்திரை நோய்க்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள்.

கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அது ஆறு மாதக் குழந்தையாக இருந்தாலும் போட வேண்டும். புரை எடுத்த குழந்தைக்கு அந்தத் தடிமனான கண்ணாடிதான் லென்ஸ். பிய்த்து எறியும், மறுபடி போடுங்கள். ‘இந்த வயதில் கண்ணாடியா, ஊர் என்ன சொல்லும்?’ என்று கழற்றி வைக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூன்றாம் படி: வீட்டுக்குள் பழிபேச்சை நிறுத்துவது

கிரகணத்தன்று வெளியே வந்தாள், புளியமரத்தடியில் போனாள், ராசி சரியில்லை. பழி பெரும்பாலும் தாயின் தலையில் இறங்கும். கிரகணத்துக்கும் குழந்தையின் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

உறவுமுறைத் திருமணத்துக்கு ஓரளவு சம்பந்தம் உண்டு. மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டியவர்களிடையே சில மரபு நோய்கள் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு நடக்கும் விதத்தைப் பாருங்கள். இப்படிப்பட்ட நோய்களில் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று குறையுள்ள மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். இருவரும் அதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாயை மட்டும் குறை சொல்ல இதில் இடமே இல்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். காரணம் ரூபெல்லா என்றால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் தட்டம்மையோடு சேர்த்துக் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள்.

தாய் சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்பதைக் கவனிக்கும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு இருக்க வேண்டும். வாரக்கணக்கில் அழுகையும் வெறுமையும் நீண்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, பார்வையில்லாத குழந்தையை வளர்த்து ஆளாக்கிய வேறு ஒரு குடும்பத்தைத் தேடிச் சந்தியுங்கள். எந்த நிபுணர் சொல்வதைவிடவும், பள்ளிக்கூடம் போய் வந்து தானே சட்டை மாற்றிக்கொள்ளும் ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் பார்ப்பது அதிகம் பேசும்.

நான்காம் படி: முதல் ஓராண்டு – தரை, குரல், கை

பார்வையில்லாத குழந்தை பல நேரம் மிக அமைதியாக இருக்கும். ‘தொந்தரவே இல்லாத குழந்தை’ என்று பாட்டி பெருமைப்படுவார். அந்த அமைதிதான் ஆபத்து. கண்ணால் எதையும் கண்டு ஆசைப்பட முடியாததால் அது கையையும் தலையையும் தூக்கக் காரணமில்லாமல் கிடக்கிறது.

அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவின் குரல் கேட்டதும் பார்வையுள்ள குழந்தை கைகால் ஆட்டிச் சிரிக்கும். பார்வையில்லாத குழந்தையோ அசையாமல் உறைந்து கேட்கும். தன்னை இதற்குப் பிடிக்கவில்லையோ என்று தாய்க்கு அடிவயிறு கலங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய செல்மா ஃப்ரைபர்க் 1960களிலும் 70களிலும் இத்தகைய குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே கவனித்தார். முகத்தில் தேடும் உணர்ச்சி கைகளில் இருப்பதை அவர் கண்டார். அம்மா பேசும்போது விரல்கள் விரியும், சேலை நுனியைத் தேடும், பிடித்த பொருள் போனதும் கை காற்றில் துழாவும். ஒரு வாரம் குழந்தையின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். அது உங்களோடு பேசிக்கொண்டிருப்பது தெரியும்.

இனி அன்றாடம் செய்ய வேண்டியவை.

தூக்குமுன் சொல்லுங்கள். குரல் கொடுத்து, தோளைத் தொட்டு, ஒரு கணம் நிறுத்தி, பிறகு தூக்குங்கள். திடீரென்று யாரோ ஆகாயத்தில் தூக்குவது எவ்வளவு பெரிய திகில் என்று நினைத்துப் பாருங்கள். குளியலுக்கு முன் ஈரத்துண்டைக் கையில் கொடுப்பது, பாலுக்கு முன் பாலாடையைத் தொடவைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொடுகுறி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் இருக்கட்டும்: அம்மாவின் கொலுசு, பாட்டியின் கண்ணாடி வளையல், அப்பாவின் தாடி. அடையாளத்தை மாற்றாதீர்கள்.

தூளியைக் குறையுங்கள். தூங்க மட்டும் தூளி; விழித்திருக்கும் நேரம் தரையில் பாய். குப்புறப் படுக்கப் பார்வையில்லாத குழந்தைக்குப் பிடிக்காது, ஏனென்றால் தலையைத் தூக்கினாலும் பார்க்க ஒன்றுமில்லை. உங்கள் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு பேசுங்கள், பாடுங்கள். குரல் வரும் பக்கம் தலை எழும்.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் உருவாக்கிய இரண்டு உபாயங்களை வீட்டிலேயே செய்யலாம். ஒன்று, சின்ன அறை. கால் நீட்டிப் படுத்த குழந்தையின் மார்பு, கைப்பகுதிக்கு மேல் ஒரு பெட்டிபோல அமைத்து, கை பட்டால் தொடும் உயரத்தில் பொருள்களைக் கட்டித் தொங்கவிடுவது. எவர்சில்வர் ஸ்பூன், வளையல் கொத்து, மரக்கரண்டி, தேங்காய் நார், சலங்கை. பிளாஸ்டிக் கிலுகிலுப்பைகளைவிட இவையே மேல், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளிர்ச்சி, எடை, ஓசை உண்டு. உறுதியாகக் கட்டுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள், பொருள்களை இடம் மாற்றாதீர்கள். நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் கரண்டி இருந்தால்தான் குழந்தை அதைத் தேடிக் கையை அனுப்பும். இன்னொன்று, மெல்லிய பிளைவுட் பலகையின் அடியில் ஓரங்களில் மட்டும் சட்டம் அடித்துத் தரையிலிருந்து சற்று உயர்த்துவது. அதன்மேல் குழந்தையைப் படுக்கவைத்தால், ஒரு விரல் தட்டினாலும் பலகை முழுதும் அதிரும். தான் செய்த செயலுக்கு உலகம் பதில் சொல்கிறது என்ற அறிவு அங்கே பிறக்கிறது.

தவழ்வது தாமதமாகும், பயப்படாதீர்கள். பார்வையுள்ள குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே கண்ணில் கண்டதைப் பிடிக்கும். சத்தத்தை மட்டும் கேட்டு ‘அங்கே ஒரு பொருள் இருக்கிறது’ என்று புரிந்து கை நீட்டுவது முதலாண்டின் கடைசியில்தான் வரும். அது வந்தபின்தான் தவழ ஆசை வரும். கிலுக்கும் பொருளை முதலில் கையில் கொடுத்து, பிறகு கையை ஒட்டியே தரையில் வைத்து ஒலியெழுப்பி, மெல்ல மெல்ல விலக்குங்கள்.

எதைக் காட்டுவதானாலும் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின்மேல் அழுத்தாதீர்கள். பார்வையில்லாதவருக்குக் கையே கண்; அதைப் பற்றி இழுத்தால் அடுத்த முறை கை மூடிக்கொள்ளும். உங்கள் கையைக் கீழே வையுங்கள், அதன்மேல் குழந்தையின் கை இருக்கட்டும். உங்கள் விரல்கள் செய்வதை அது உணரும், விரும்பும்போது இறங்கித் தொடும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளும். பிறகு பொறுங்கள். மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். நம் வீடுகளில் கடினமானது இந்தப் பொறுமைதான், ஏனென்றால் குழந்தைக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பதைத்தான் அன்பு என்று பழகியிருக்கிறோம்.

ஐந்தாம் படி: இருக்கும் பார்வையைப் பயன்படுத்துவது

பார்வையில்லை என்று சான்று பெற்ற குழந்தைகள் பலருக்கும் ஓரளவு பார்வை உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே அது பெரிய செல்வம்.

வெளிச்சம் குழந்தையின் முதுகுப் பக்கமிருந்து பொருளின்மேல் விழ வேண்டும். ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் கண் கூசி ஒன்றும் தெரியாது. அடுத்தது நிற வேறுபாடு. நாம் காலங்காலமாகச் செய்வது என்ன? பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு. தட்டும் கூசும், சோறும் தெரியாது. கறுப்பு அல்லது அடர்நீலத் தட்டில் இட்லி வைத்துப் பாருங்கள், கை நேராகப் போகும். படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் பட்டை, கழிப்பறைக் கதவில் சிவப்புத் துணி போன்றவற்றுக்குச் செலவே இல்லை.

கண்மணி ஆடும் குழந்தைகள் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில் ஆட்டம் குறைந்து பார்வை தெளிவதால்தான் அப்படிச் செய்கிறார்கள். ‘நேராகப் பார்’ என்று தலையைத் திருப்பிவிடாதீர்கள். நிறமிக்குறை உள்ள வெளுத்த குழந்தைகளுக்குத் தொப்பியும் வண்ணக் கண்ணாடியும் வெயிலில் கட்டாயம்.

விரலால் கண்ணை அழுத்திக்கொண்டே இருப்பது விழித்திரை நோயுள்ள சில குழந்தைகளிடம் காணப்படும். அதட்டினால் நிற்காது. கைக்கு வேறு வேலை கொடுங்கள். வெளிச்சமே தெரியாத குழந்தைக்கு இரவு பகல் மாறுவதும் உண்டு. ஒரே நேரத்துக் குளியல், உணவு, விளையாட்டு என்று நாளுக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தும் சரியாகவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறாம் படி: ஒன்று முதல் மூன்று வயது – சாப்பாடு, பேச்சு, நடை

மிக்ஸியில் அரைத்த சாதத்தை மூன்று வயதுவரை ஊட்டும் வீடுகள் உண்டு. கெட்டியான உணவு புரைக்கேறுமோ என்ற பயம் ஒரு பக்கம், குழந்தை துப்பிவிடுகிறதே என்ற அலுப்பு மறுபக்கம். துப்புவதற்குக் காரணம், வாயில் வருவது என்னவென்று அதற்கு முன்கூட்டியே தெரியாததுதான். முதலில் கையால் தொட்டு, முகர்ந்து, பிசைந்து பார்க்கட்டும். வாழைப்பழத்தைத் தோலோடு கையில் கொடுத்து, உரிப்பதிலிருந்து தொடங்குங்கள். இட்லி, வேகவைத்த உருளைக்கிழங்கு, சப்பாத்தித் துண்டு என்று படிப்படியாகப் போங்கள். மேலே, தரையில், எல்லா இடத்திலும் சிந்தும். சிந்தட்டும்.

பேச்சில் ஒரு விசித்திரம் காண்பீர்கள். பசிக்கும்போது குழந்தை ‘உனக்குப் பசிக்கிறதா?’ என்று கேட்கும். நீங்கள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறது. யார் நான், யார் நீ என்பதைப் பார்க்காமல் பிரித்தறிவது கடினம் என்பதால் இந்தக் குழப்பம் சற்று நீடிக்கும். கேள்வியாகவே பேசுவதைக் குறைத்து, நடப்பதைச் சொல்லுங்கள்: ‘அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறேன். இதோ, டம்ளர் கனக்கிறது.’

பொருள் தெரியாத சொற்கள் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மாட்டைக் கொடுத்து ‘இது மாடு’ என்றால் குழந்தைக்கு மாடு என்பது உள்ளங்கை அளவுதான். தெருவில் கட்டியிருக்கும் பசுவின் முதுகைத் தடவி, மூச்சின் சூட்டை உணர்ந்து, சாணத்தின் வாசனையையும் அறிந்த பிறகு பொம்மையைக் கொடுங்கள். தோசை என்பது தட்டில் வந்து விழும் வட்டம் அல்ல. அரிசி ஊறுவதிலிருந்து மாவு புளித்துக் கல்லில் சுரீரென்று இறங்குவதுவரை தொட்டும் கேட்டும் முகர்ந்தும் அறிய வேண்டியது.

நடக்க ஆரம்பிக்கும் வயதில் நம் பழைய நடைவண்டிக்கு நிகர் இல்லை. மூன்று சக்கரம், பிடிக்க ஒரு கட்டை. குழந்தைக்கு முன்னால் அதுவே போய்ச் சுவரில் முட்டித் தகவல் சொல்லும். பின்னாளில் வெள்ளைக்கோல் செய்யப்போகும் வேலையை இப்போதே செய்கிறது. நடுவில் உட்காரவைக்கும் வட்ட வாக்கர் வேண்டாம். அதில் உடல் எடையைத் தாங்கப் பழகுவதில்லை, பாதுகாப்பும் இல்லை. நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லுங்கள். கதவுகள் முழுதாகத் திறந்திருக்கட்டும் அல்லது முழுதாக மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவில்தான் நெற்றி உடையும். வீட்டுக்குள் சில அடி படத்தான் செய்யும். எல்லாக் குழந்தைகளுக்கும் படுகிறது.

ஏழாம் படி: மூன்று முதல் ஐந்து – விரலைத் தயார்செய்வது

விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளால் ஆனது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது, தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது. ‘அ’ என்பதற்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை உணரும் விரல் வேண்டும், அழுத்தி எழுதும் வலுவும் வேண்டும். அதற்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, துணிக்கு கிளிப் போடுவது, துவரையும் கொண்டைக்கடலையும் கலந்து வைத்துப் பிரிப்பது.

எல்லாவற்றிலும் சிறந்தது பல்லாங்குழி. பதினான்கு குழிகள், இடமிருந்து வலமாக விரல் நகர்வது, ஒவ்வொரு குழியிலும் ஒன்று போடுவது, எண்ணுவது, அடுத்தவருக்குக் காத்திருப்பது. பிரெயில் படிக்கும் விரலுக்கும் மனத்துக்கும் வேண்டியது பெரும்பாலும் இதிலேயே உண்டு. பாட்டியிடம் குழந்தையை ஒப்படைக்க இதைவிட நல்ல சாக்கும் கிடைக்காது. பிறகு முட்டை அட்டையில் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு என ஆறு குழிகளை வெட்டி, புளியங்கொட்டையோ பந்தோ வைத்து ‘மேலே இடது’, ‘நடுவில் வலது’ என்று பழக்கலாம்.

எழுத்து பெரிதாக இருந்தால் கண்ணால் படிக்கும் குழந்தைக்கும் பிரெயில் வேண்டுமா? பார்வை குறைந்துகொண்டே போகும் நோய் என்றால் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கற்பதால் நஷ்டமில்லை.

எட்டாம் படி: காகிதங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் 3/60க்குக் கீழே பார்வை இருந்தால் அது பார்வையின்மை. அதாவது, மற்றவர் 60 மீட்டரிலிருந்து பார்ப்பதை மூன்று மீட்டருக்கு வந்தாலும் பார்க்க முடியாத நிலை. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்க முடிகிற பரப்பு, பத்து டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தாலும் அப்படியே. அதற்கு மேல் குறைப்பார்வை. பெரும்பாலான உரிமைகளுக்குச் சான்றில் 40 சதவீதக் குறைபாடு தேவை. ஒரு கண் மட்டும் போனால் 30 சதவீதம்தான் தருவார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். குழந்தை சிறியது என்பதால் தற்காலிகச் சான்று தந்தால், மறுபரிசோதனைத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உதவித்தொகை, பஸ் பயணச் சலுகை, உபகரணங்கள் ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ரயிலில் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. வருமான வரி கட்டும் பெற்றோர் பழைய வரி முறையில் இருந்தால் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்கான கழிவாக 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிக்கலாம். பார்வைக் குறையோடு மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ சேர்ந்திருந்தால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிரமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள், நகல்கள் ஐந்து எடுத்துவையுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் அதையேதான் கேட்பார்கள்.

ஒன்பதாம் படி: பயிற்சியாளர், அங்கன்வாடி, பள்ளி

பூந்தமல்லியில் பார்வைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. சென்னையிலிருந்து தொலைவில் இருப்பவர்கள் ஒருமுறை போய் மதிப்பீடு செய்து, வீட்டுப் பயிற்சித் திட்டம் வாங்கி வரலாம். அன்றாட உதவிக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைத் தேடுங்கள். வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் அவர்கள் வேலையில் அடங்கும்.

வரும் பயிற்சியாளர் நல்லவரா என்று அறிய ஒரு சோதனை: வேலையை அவரே குழந்தையோடு செய்து முடித்துவிட்டுப் போகிறாரா, உங்களுக்குக் கற்றுக்கொடுத்து நீங்கள் செய்வதைப் பார்க்கிறாரா? வாரத்தில் ஒரு மணி நேரம் வருபவரால் குழந்தை வளராது. மீதி நேரம் முழுக்க உடன் இருக்கும் நீங்கள் கற்றுக்கொண்டால்தான் பயன்.

அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்ததும் சேருங்கள். ‘எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது’ என்று சொன்னால், முதல் சில வாரம் நீங்களோ பாட்டியோ உடன் உட்காருவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் தயக்கம்தான் காரணம், பழகியதும் கரையும்.

பள்ளி பற்றிய விவாதம் ஓயாதது. பார்வையற்றோர் சிறப்புப் பள்ளியில் பிரெயிலும் நடமாட்டப் பயிற்சியும் முறையாகக் கிடைக்கும். பல இடங்களில் விடுதியில் விட வேண்டும். அக்கம்பக்கத்துப் பள்ளியில் வீட்டோடும் தெருவோடும் வளரும்; பிரெயிலுக்கு நீங்கள் போராட வேண்டியிருக்கும். ஆறு முதல் பதினெட்டு வயதுவரை இரண்டில் எதையும் தேர்ந்து இலவசமாகப் படிக்கச் சட்டம் உரிமை தருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவதை, வேறு வழியே இல்லாத நிலையில் தவிர, நான் பரிந்துரைக்க மாட்டேன். அருகில் நல்ல சிறப்பாசிரியர் இருந்தால் தொடக்கக் கல்வி ஊரிலேயே நடக்கட்டும்.

சேர்ப்பதற்கு முன் விடுமுறை நாளில் குழந்தையோடு பள்ளிக்குப் போங்கள். வாசலிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. இந்த மூன்று வழியும் காலுக்கும் கைக்கும் பழகும்வரை நடக்கவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். பேசுமுன் பெயர் சொல்லி அழையுங்கள், அருகிலிருந்து போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படியுங்கள், உட்காரும் இடத்தை மாற்றாதீர்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.